கிணறு சொல்லும் கணக்கு

(நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்துக்கு யாத்திரை சென்ற நமது தோட்டக் குடும்பங்களுக்காகத் தீவில் ஒழுங்கு செய்யப்பட்ட கூட்டத்தில், ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக, அவருடைய பேச்சு நடையைக் கூடியவரை மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



இரவிரவாக பஸ்ஸில் வந்து, வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்து, குறிகட்டுவானில் படகு ஏறி வந்திருக்கிறீர்கள். அம்மனைக் கும்பிட வந்த இடத்தில் ஒரு விவசாயப் பேச்சையும் கேளுங்கள் என்று உங்களை இருத்தி வைத்திருக்கிறார்கள். அன்னதானம் சாப்பிட்ட நேரம், கண் சொருகும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு "இன்றைய விவசாயம் எதிர்நோக்கும் பிரச்சினைகள்". மெத்தப் பெரிய தலைப்பு. நான் அதிலே மூன்றை மட்டும் எடுக்கிறேன்: தண்ணீர், மண், மருந்து. இந்த மூன்றிலும் நான் சொல்லப்போவது ஒரே விஷயந்தான். நிலத்திலிருந்து நாம் எடுப்பதற்கும் நிலத்தில் நாம் போடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை ஆரும் எழுதி வைக்காவிட்டால், கடைசியில் அதைக் கட்டுபவர் தொழிலாளியும் அவருடைய பிள்ளைகளுந்தான்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்க வேணும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் "தோட்டம்" என்று சொன்னால் வெங்காயம், மிளகாய், புகையிலை. நீங்கள் "தோட்டம்" என்று சொன்னால் தேயிலை. சொல் ஒன்று, பயிர் வேறு. ஆனால் இரண்டு தோட்டத்துக்கும் வந்திருக்கிற வருத்தம் ஒன்றுதான்.

கல்லுக்குள் மிதக்கும் தண்ணீர்

நயினாதீவு சுமார் 4 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. ஏக்கரில் சொன்னால் ஆயிரம் ஏக்கர் அளவு. உங்கள் பக்கத்துப் பெரிய தோட்டம் ஒன்றை எடுத்துக் கடலுக்கு நடுவில் வைத்தது போல. இங்கே மலை இல்லை, ஆறு இல்லை, ஓடை இல்லை, பீலி இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மாரி மழைதான் வருசம் முழுவதுக்குமான தண்ணீர்.

அந்த மழை எங்கே போகிறது? எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி அடியில் தேங்கும். ஆனால் தீவைச் சுற்றியுள்ள கடலும் அதே கல்லுக்குள் நுழைந்திருக்கிறது. கடல் நீர் பாரம் கூடியது, நல்ல நீர் இலேசானது. ஆகவே நல்ல நீர் உப்பு நீரின் மேலே மிதக்கிறது. அப்பத்தை நினைத்துப் பாருங்கள்: நடுவிலே தடிப்பு, ஓரத்திலே மெல்லிசு. தீவின் நல்ல தண்ணீரும் அப்படித்தான்.

இதிலே ஒரு விதி உண்டு. நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடி குறைய விட்டால், கீழேயிருந்து உப்பு 40 அடி மேலே வரலாம். மேலே நாம் காண்பது கொஞ்சம், அடியில் நடப்பது கனக்க. ஒரு தரம் உப்பு ஏறிய கிணறு திரும்ப நல்லதாவதற்குப் பல மாரி வேணும்.

முந்தி எங்கள் ஆட்கள் துலாவாலே இறைத்தார்கள். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், தண்ணீர் கட்ட ஒருவர். மனிதருடைய களைப்புத்தான் கிணற்றுக்குக் காவல். உடம்பு நோக இறைப்பு நிற்கும், கிணறு ஊறும். 1950, 60களில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் பரவியது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. எண்ணெய் இருக்கும் வரை இழுக்கும். வேலை சுகமானது, உண்மை. அதை நான் பழிக்க வரவில்லை. ஆனால் எவ்வளவு இழுக்கலாம் என்ற கணக்கை உடம்பு வைத்திருந்தது. அந்தக் கணக்கைப் பிறகு ஆரும் எழுதி வைக்கவில்லை.

உரம் எங்கே போகிறது?

1970களில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வருவது கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு நல்ல விலை. ஒரு போகத்துக்கு இரண்டு போகமாகச் செய்தார்கள். 1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்து விடப்பட்டது, விலை விழுந்தது. விலை விழுந்தால் தோட்டக்காரன் என்ன செய்வான்? கடனைக் கட்ட வேணும். அதே துண்டு நிலத்திலே இன்னும் கூட எடுக்கப் பார்ப்பான். இன்னும் ஒரு இறைப்பு, இன்னும் ஒரு பை உரம். ஆசையாலே மட்டும் ஒருவரும் உரத்தை அள்ளிக் கொட்டுவதில்லை. கடன் கொட்ட வைக்கிறது. இதை விவசாயம் படித்த நாங்கள் பல தடவை மறந்து விடுகிறோம்.

50 கிலோ யூரியாப் பை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. பயிர் அவ்வளவையும் எடுக்காது. பல இடங்களில் பாதி எடுத்தாலே பெரிய காரியம். மிச்சம் என்ன ஆகிறது? கொஞ்சம் காற்றோடு போகும். கொஞ்சம் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். யாழ்ப்பாணத்துக் கல்லுக்குள்ளே இறங்குவதற்கு அதிக நேரம் எடுக்காது. நேரே கிணற்றுக்குத்தான். அப்படி இறங்குவதற்கு நைத்திரேற்று என்று பெயர். மலசலகூடக் குழிகளிலிருந்து வருவதும் அதோடு சேரும்.

குடிதண்ணீரில் 1 லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமம் பகுதியில், கடுமையாகத் தோட்டம் செய்கிற ஊர்களில், இந்த அளவைத் தாண்டிய கிணறுகள் பல உண்டு என்று ஆய்வாளர்கள் 1980களிலிருந்து திரும்பத் திரும்ப எழுதி வருகிறார்கள்.

தாய்மார் இதைக் கவனமாகக் கேளுங்கள். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கொதித்துத் தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு இன்னும் கூடும். இதனால் முதலில் பாதிக்கப்படுவது ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கிற குழந்தை. இரத்தம் உடம்புக்குப் போதிய காற்றைக் கொண்டு போக முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு அந்த ஆபத்து இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் கொடுங்கள் என்று மருத்துவமாது சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முந்திய ஆட்கள் உரமே போடாமலா விளைவித்தார்கள்? போட்டார்கள். பூவரசங் குழை, கிளிசறியாக் குழை, பனையோலை எல்லாம் வெட்டி மண்ணுக்குள் தாழ்த்தார்கள். ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி அடைத்தார்கள். அது மெதுவாக உக்கும், பயிர் மெதுவாக எடுக்கும். மண்ணும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தீவிலே பனை நின்றது. பனைக்கு ஒருவரும் தண்ணீர் வார்க்கத் தேவையில்லை, உரம் போடத் தேவையில்லை. கேணியும் குளமும் துரவும் வெட்டி, மாரித் தண்ணீரைக் கடலுக்கு ஓட விடாமல் நிலத்துக்குள் இறக்கினார்கள். போர்க்காலத்தில் தீவுகளிலிருந்து ஆட்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்த போது இவற்றில் பல தூர்வாராமல் கிடந்தன. அந்த நட்டம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. எங்கள் கிணறுகள் மட்டும் எழுதி வைத்திருக்கின்றன.

உங்கள் மலைக்கு வருவோம்

"எங்களுக்குத்தான் தண்ணி மேலேயிருந்து வருதே, ஐயா" என்று வந்ததும் ஒரு தம்பி சொன்னார். சரி. நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: உங்கள் பீலிக்கு மேலே என்ன இருக்கிறது? கொஞ்சம் யோசித்து, "தேயிலை மலைதான்" என்றார். அந்த மலைக்கு உரம் போடுகிறார்கள், களைகொல்லி அடிக்கிறார்கள். மழை பெய்கிறது. பிறகு பீலியிலே குடம் வைக்கிறீர்கள்.

எங்களுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தீவிலே நான் போட்டது என் கிணற்றுக்கே வரும். ஆகவே என் தவறு எனக்குச் சீக்கிரம் தெரியும். மலையிலே போட்டது கீழே போய்விடும். கீழ் லயத்துக்கு, கீழ்த் தோட்டத்துக்கு, பிறகு ஆற்றுக்கு. மகாவலி, களனி, வளவை மூன்றும் உங்கள் மலைகளிலே பிறந்த கங்கைகள். நாட்டில் பெருந்தொகையான சனம் உங்கள் மலையின் தண்ணீரைத்தான் ஏதோ ஒரு விதத்தில் குடிக்கிறது. உங்களுக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார், உங்களுக்குக் கீழேயும் ஒருவர் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

தண்ணீரை விட மலையில் பெரிய விஷயம் மண். உங்கள் பாட்டன் பூட்டன் வந்த காலத்தில் அங்கே கோப்பி. 1869 இல் இலையில் துரு நோய் காணப்பட்டது. இருபது வருசத்துக்குள் கோப்பி அழிந்தது. ஒரு மலை முழுக்க ஒரே பயிரை நட்டால், ஒரு நோய் வந்தால் எல்லாம் போகும் என்பதற்கு உலகப் புத்தகங்களில் எழுதுகிற உதாரணம் நம்முடைய மலைதான். தேயிலையை 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்டிருந்தார். கோப்பி போன மலையெல்லாம் பிறகு தேயிலை ஆனது.

காடு நின்ற மலையில் மேல் மண் கறுப்பாக, பஞ்சு மாதிரி இருந்திருக்கும். அதை வெட்டி வெளியாக்கி, சுரண்டி வைத்து மண் தெரியச் சுரண்டிப் புல் எடுத்த காலம் ஒன்று இருந்தது. மலை துப்புரவாக இருந்தால் நல்ல துரை என்ற பெயர். ஒவ்வொரு பெருமழைக்கும் அந்தக் கறுப்பு மண் கானில் இறங்கி ஆற்றோடு போனது. நூறு வருசத்துக்கு மேலாகப் போனது திரும்பி வராது. இன்றைக்குப் பல மலைகளில் செடி நிற்பது மேல் மண்ணில் அல்ல, அடி மண்ணில். அந்த மண் உரத்தைப் பிடித்து வைக்காது. போட்ட உரமும் ஓடும். ஓடினால் இன்னும் போட வேணும்.

இதனுடைய கணக்கு எங்கே வந்து விழுகிறது தெரியுமா? உங்களுடைய கூடையிலே. மண் மெலிந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தாலும் நாளுக்கு இத்தனை கிலோ என்ற நோம் குறையாது. கிலோ வராவிட்டால் அரைப் பேர். மலையிலிருந்து ஓடிய மண்ணைக் கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் ஒருவரும் எழுதுவதில்லை. அது உங்களுடைய அரைப் பேரிலேதான் எழுதப்படுகிறது. ஆகவே மண் பாதுகாப்பு என்பது படித்த ஆட்கள் மண்டபத்தில் பேசுகிற சங்கதி மட்டும் அல்ல. அது உங்கள் சம்பளப் பேச்சு.

மண் அரிப்பும் மண்சரிவும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் தண்ணீருக்கு வழி விடுவது முக்கியம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் இங்கே அழுதுகொண்டு கேட்டோம். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த போதும் மலையகந்தான் பெரிய அடி வாங்கியது. கான் தூர்ந்தால், கொத்துப் பிளந்தால், ஊற்று திடீரென்று கலங்கினால், அதை உடனே சொல்லுங்கள். ஆர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நூறு தொன்னில் ஒரு கிராம்

மூன்றாவது, மருந்து. களைகொல்லிக் கதை உங்களுக்குத் தெரியும். 2015 இல் கிளைபோசேற்றை அரசாங்கம் தடை செய்தது. வட மத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். அந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று முடிவாக நிறுவப்படவில்லை. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். 2022 இல் தடையை எடுத்து விட்டார்கள்.

இடையில் என்ன நடந்தது? ஒரு மருந்து இல்லையென்றதும் வேறு மருந்துகளை அடித்தார்கள். 2018 இல் யப்பான்காரர் நமது தேயிலையில் எம்.சி.பி.ஏ. என்ற களைகொல்லியின் எச்சம் கூடுதலாக இருக்கிறது என்று கையைக் காட்டினார்கள். அவர்கள் வைத்திருந்த எல்லை ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். விளங்கச் சொன்னால், 100 தொன் தேயிலையில் 1 கிராம். ஒரு லொறி நிறைந்த தேயிலைக்கு ஒரு சிட்டிகை கூட இல்லை.

தரம் என்றால் இரண்டு இலையும் ஒரு அரும்பும், ஸ்டோரிலே வாட்டுவது, அரைப்பது என்றுதான் முந்தி நினைத்தோம். இப்போது தரம் தொடங்குவது மருந்துத் தாங்கியைத் தோளில் மாட்டுகிறவரின் கையில். அவர் எவ்வளவு அளந்து ஊற்றினார், எந்த நாளில் அடித்தார், எத்தனை நாள் கழித்துக் கொழுந்து எடுத்தார்கள் என்பதில்தான் கொழும்பு ஏலத்தின் விலை தங்கியிருக்கிறது.

ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். யப்பானில் கோப்பைத் தேநீரில் 100 தொன்னுக்கு ஒரு கிராம் என்று பார்க்கிறார்கள். அதே மருந்தை முதுகில் சுமந்து, தாங்கி ஒழுகி, சட்டை நனைந்து வீட்டுக்கு வருகிற தொழிலாளியின் தோலில் எத்தனை கிராம் என்று ஆர் பார்க்கிறார்கள்? குடிப்பவருக்கு ஒரு அளவு இருக்கும் போது அடிப்பவருக்கும் ஒரு அளவு வேணும். அதைக் கேட்பது குற்றம் இல்லை.

கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்துக் காசர்கோடு சாட்சி. அங்கே அரசாங்கத்து முந்திரித் தோட்டங்களுக்கு மேலே 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை, எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை ஹெலிகொப்டரில் தெளித்தார்கள். கீழே வீடுகள், கிணறுகள், பள்ளிக்கூடங்கள். பிறவி ஊனங்களும் நரம்பு நோய்களுமாகச் சனம் பட்ட பாடு உலகத்துக்கே தெரிந்தது. 2011 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நிறுத்தியது. 2017 இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 இலட்சம் இந்திய ரூபா கொடுக்கச் சொன்னது. காசு வந்தது, பிள்ளையின் கால் வரவில்லை.

2021 சொன்ன பாடம்

இவ்வளவும் கேட்ட பிறகு, "அப்ப உரமும் மருந்தும் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. அதையும் இந்த நாடு செய்து பார்த்து விட்டது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். மண்ணுக்கு நல்லது என்றார்கள். பசளை வேறு தயாராக இல்லை. விவசாயியை ஒருவரும் கேட்கவில்லை, தொழிலாளியை அதிலும் கேட்கவில்லை. நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். அதற்கிடையில் நெல் விழுந்தது. 2021 இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022 இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. பொருளாதார நெருக்கடியும் எரிபொருள் தட்டுப்பாடும் அதோடு சேர்ந்தன. அந்த வருசம் உங்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

வருசக் கணக்காக மருந்து குடித்த நோயாளிக்கு ஒரே நாளில் மருந்தை நிறுத்தினால் விழுந்து விடுவார். மெலிந்த மண்ணும் அப்படித்தான். முதலில் மண்ணைத் தேற்ற வேணும், பிறகு உரத்தைக் குறைக்க வேணும். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் பெரியவர்கள். அளக்காமல் கொட்டியதும் பிழை, அளக்காமல் நிறுத்தியதும் பிழை.

நாம் செய்யக் கூடியவை

1. ஊற்றைக் காப்பாற்றுங்கள். பீலிக்கு மேலே மரம் நிற்க வேணும், வேலி வேணும். அந்தத் துண்டுக்கு மருந்து அடிக்க வேண்டாம் என்று தோட்ட நிர்வாகத்தைக் கூட்டமாகப் போய்க் கேளுங்கள். தண்ணீரைப் பரிசோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள்.

2. மருந்து அடிக்கிறவர் கையுறை, சப்பாத்து, முகமூடி இல்லாமல் இறங்கக் கூடாது. ஒழுகுகிற தாங்கியைத் திருப்பிக் கொடுங்கள். காற்றுக்கு எதிரே நின்று அடிக்க வேண்டாம். அந்தக் கையோடு வெற்றிலை மடிக்க வேண்டாம், பீடி பற்ற வைக்க வேண்டாம். முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் குளியுங்கள். அந்தச் சட்டையைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம். மயக்கம், வாந்தி, கண் மங்கல் வந்தால் வெயில் என்று நினைத்துப் படுத்து விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்தின் பெயர் எழுதிய லேபலைக் கையோடு கொண்டு போங்கள். 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

3. வெறும் மருந்துக் கான்களில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ வைக்கக் கூடாது. மூன்று தரம் அலசி, அலசிய நீரைத் தாங்கிக்குள்ளேயே ஊற்றி, கானில் துளை போட்டுத் திருப்பிக் கொடுங்கள். மருந்தை லயத்துக்குள் வைக்க வேண்டாம். பூட்டிய இடத்தில்தான் இருக்க வேணும். 1995 அளவில் தற்கொலை மிக அதிகமான நாடுகளில் இலங்கையும் ஒன்று. மிகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததாலே எத்தனையோ உயிர்கள் ஒரு கெட்ட இரவைத் தாண்டியிருக்கின்றன. மனம் உடைந்தவரைத் தனியே விடாதீர்கள், பேசுங்கள்.

4. கொழுந்து எடுக்கப் போகுமுன் அந்த மலைக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேளுங்கள். போத்தலில் எழுதியிருக்கிற நாள் கழிய வேணும். அடித்த நாளை மலையடியில் பலகையில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் நல்லது.

5. லயத்தடியில் கரட், லீக்ஸ், நோக்கோல், உருளைக்கிழங்கு செய்கிறவர்கள், நாளைக்குச் சந்தைக்குப் போகிற மரக்கறிக்கு இன்றைக்கு மருந்து அடிக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பை போட்டார் என்று நீங்கள் மூன்று பை போட வேண்டாம். மண் பரிசோதனை செய்து, தேவையை அறிந்து போடுங்கள். அடுப்புச் சாம்பல், மரக்கறிக் கழிவு, மாட்டுச் சாணம் எல்லாம் சேர்த்துக் கூட்டெரு போடுங்கள்.

6. மலையில் கவ்வாத்து வெட்டிய குழையை விறகுக்கென்று முழுவதும் அள்ளாமல், இலையையும் சிறு கிளையையும் மண்ணுக்கு மூடாக விடுங்கள். கான், நிழல் மரம், முள்ளு குத்துவது எல்லாம் மண்ணுக்கு உயிர். மீள நடுவதற்கு முன் மாணாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேணும் என்று தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் கனகாலமாகச் சொல்லி வருகிறது.

7. கடைசியும் முக்கியமும்: ஒரு கொப்பி வையுங்கள். மாதர் சங்கமோ இளைஞர் கழகமோ வைக்கலாம். எந்த மலை, என்ன மருந்து, எந்த நாள், மழை எப்போது, ஊற்று எப்படி, ஆருக்கு என்ன சுகயீனம். இவ்வளவும் போதும். படித்த பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள், அவர்களை எழுதச் சொல்லுங்கள்.

"நிலமே எங்களுக்கு இல்லையே?"

பேச்சுக்கு முன் ஒரு அம்மா என்னிடம் கேட்டா: "ஐயா, நீங்க சொந்தக் கிணத்தப் பத்திப் பேசுறீங்க. எங்களுக்கு நிலமே சொந்தமில்ல. நாங்க என்ன கணக்கு வைக்கிறது?"

நியாயமான கேள்வி. அதற்கு இனிப்பாக மறுமொழி சொல்ல நான் விரும்பவில்லை. 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, பிறகு 53 வருசக் குத்தகை. குத்தகைக்காரருக்கு நிலம் சில காலத்துக்கு. தொழிலாளிக்கு அதுவும் இல்லை. நாளைக்குத் தன்னிடம் இருக்குமா என்று தெரியாத மண்ணுக்கு ஒருவரும் பத்து வருசத்துக்குப் பலன் தருகிற வேலையைச் செய்ய மாட்டார். ஆகவே காணி உரிமை என்பது அரசியல் மட்டும் அல்ல, அது விவசாயப் பிரச்சினையும் கூட. வீட்டுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் உறுதிப்பத்திரம் கேட்கிற நீங்கள் மண்ணுக்காகவும் பேசுகிறீர்கள்.

ஆனால் நிலம் கிடைக்கும் வரை கணக்கைத் தள்ளி வைக்க முடியாது. நிலம் உங்களுடையது இல்லாவிட்டாலும் குடிக்கிற தண்ணீர் உங்களுடையது. நனைகிற தோல் உங்களுடையது. பிள்ளைக்காம்பராவில் இருக்கிற குழந்தை உங்களுடையது. எங்கள் சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த போது சனம் முறையிட்டது, வழக்குப் போனது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், கெடுத்தவர் கொடுக்க வேணும் என்று சொல்லி 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. அந்த வழக்கிலே பேசியது கண்ணீர் மட்டும் அல்ல, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகளும். எழுதி வைத்த கணக்குக்குத்தான் நீதிமன்றத்திலும் நிர்வாகத்திலும் மரியாதை.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல் நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையம் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் எடுக்கலாம். நல்ல விஷயம், குடாநாட்டுக்குத் தேவையான விஷயம். தீவுகளிலும் உவர் நீரைச் சுத்திகரிக்கும் சிறு இயந்திரங்கள் ஓடுகின்றன. ஆனால் ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் மின்சாரம் செலவாகிறது, ஒரு விலை இருக்கிறது. முந்தி மழை இலவசமாகத் தந்ததை இப்போது காசு கொடுத்துக் கடலிலிருந்து பிரித்து எடுக்கிறோம். உங்கள் பீலி இன்னும் இலவசமாகத்தான் ஓடுகிறது. அது ஓடுகிற காலத்திலேயே கணக்கை எழுதத் தொடங்குங்கள்.